வாசகசாலையின் உறுப்பினர் பதிவேடு

போன மாதம் என் மருமகள் என்னைப் பங்சாரில் இருக்கும் நூலகக் கிளைக்குக் கூட்டிப் போனாள். அவளுக்குச் சமையல் புத்தகம் வேண்டும். எனக்கு அங்கே இருக்கும் ஏர்கோன் காற்று வேண்டும். கவுண்டரில் இருந்த பெண் என்னைச் சும்மா உட்கார விடவில்லை. "ஆன்டி, நீங்களும் மெம்பர் ஆகிடுங்க லா. ஒரே கார்டுதான். எந்தக் கிளையில வேணும்னாலும் எடுக்கலாம், எந்தக் கிளையில வேணும்னாலும் திருப்பிக் கொடுக்கலாம்" என்று ஒரு பாரத்தை நீட்டினாள். பெயர், வயது, முகவரி, தொழில் என்று கட்டங்கள். முதல் மூன்றையும் எழுதிவிட்டேன். தொழில் என்ற கட்டத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. வேலைக்குப் போகாததை எழுத வெட்கப்படுகிறேன் என்று நினைத்து, அந்தப் பெண் "ஹவுஸ்வைப்னு போட்டுக்கலாம் ஆன்டி" என்று மெதுவாகச் சொன்னாள். நல்ல பெண். நான் பாரத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, கழிப்பறை எங்கே என்று கேட்டு எழுந்து போய்விட்டேன்.

அவளுக்குப் பக்கத்தில் இன்னொருத்தி கிழிந்த பக்கத்துக்குப் பசை தடவிக்கொண்டிருந்தாள். பாட்டில் பசை, வாசமே கிடையாது. அந்தக் காலத்தில் எங்கள் வாசகசாலையில் காய்ச்சிய பசைக்கு வாசம் உண்டு. மரவள்ளிக்கிழங்கு மாவைக் காய்ச்சி, பூச்சி வராமல் இருக்க ஒரு சிட்டிகை துருசு போடுவோம். ஜப்பான்காரன் காலத்தில் துருசு கிடைக்காமல் போயிற்று. விஷம் கலக்காத பசை என்றால் அது வெறும் கஞ்சிதானே? புத்தகம் ஒட்டக் காய்ச்சிய பசையை நானே பாதி குடித்திருக்கிறேன். சிரிக்காதீர்கள். ஒட்டாத புத்தகங்களைப் பார்த்துவிட்டு வாசகசாலைப் பொறுப்பாளர் கனகசபை சார் என்னைப் பார்ப்பார், நான் கூரையைப் பார்ப்பேன்.

வாசகசாலை என்றதும் பெரிய கட்டடத்தை நினைத்துக்கொள்ளாதீர்கள். பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இரண்டு அறை, ஒரு முன்கூடம், பின்கட்டில் ஒரு குளியலறை. அவ்வளவுதான். ஆனால் எங்களுக்கும் கிளைகள் இருந்தன. கிள்ளானில் காதர் பாய் என்பவரின் துணிக்கடையில், பின்பக்கம் இரண்டு அலமாரி. ரவாங்கில் ஒரு மளிகைக்கடையில் ஒரு மரப்பெட்டி. வாரம் ஒரு முறை பெட்டிகள் ரயிலில் போகும், வரும். ரவாங்கில் எடுத்த புத்தகத்தைக் கிள்ளானில் கொடுத்துவிட்டுப் போன ஆள் உண்டு. அந்தக் கவுண்டர்ப் பெண் பெருமையாகச் சொன்னதை நாங்கள் கம்ப்யூட்டர் இல்லாமலே செய்தோம்.

எனக்கு அப்போது இருபது வயது. அப்பா ரயில்வே பட்டறையில் பிட்டர். கான்வென்டில் ஐந்து வருஷம் படித்ததால் எனக்கு வாசகசாலையில் வேலை கிடைத்தது. எழுதத் தெரியாதவர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் முன்கூடத்தில் பத்திரிகையை உரக்கப் படிப்பேன்; ஐம்பது அறுபது பேர் உட்கார்ந்து கேட்பார்கள். உறுப்பினர் பதிவேடு எழுதுவதும் என் வேலைதான். அதில் எனக்குக் கொஞ்சம் திமிர். என் எழுத்து முத்து முத்தாக இருக்கும். பெயர், வயது, வீட்டு எண், தொழில், எந்தக் கிளை என்று கோடு போட்டு எழுதுவேன். எழுதி முடித்ததும் தள்ளி வைத்துப் பார்ப்பேன், கண்ணாடி பார்க்கிற மாதிரி.

அந்தப் பதிவேட்டில் மாணிக்கம் என்று ஒருவர். தண்டவாளம் பழுது பார்க்கும் கேங்கில் கூலி. ஓர் எழுத்துத் தெரியாது. ஆனால் உறுப்பினராக வேண்டும் என்று வந்து நின்றார். படிக்கத் தெரியாமல் எதற்கு என்று கேட்டதற்கு, "வீட்டுல ஒரு புஸ்தகம் இருக்கட்டுமே தங்கச்சி" என்றார். ஒவ்வொரு வாரமும் ஒரு புத்தகம் கொண்டுபோவார், சொன்ன நாளில் திருப்பித் தருவார். அவர் மனைவி அஞ்சலை அதைத் துணியில் சுற்றிச் சாமி படத்துக்குக் கீழே வைத்திருப்பாளாம். எங்களிடம் இருந்த புத்தகங்களிலேயே கறை படாமல் திரும்பி வந்தவை மாணிக்கம் கொண்டுபோனவைதான். தொழில் என்ற கட்டத்தில் அவருக்கு "தண்டவாள வேலை" என்று எழுதினேன்.

ஜப்பான்காரன் கோலாலம்பூருக்குள் வந்த முதல் வாரம் நாங்கள் கதவைத் திறக்கவில்லை. திறந்த அன்றைக்கே ஒரு சிப்பாய் வந்தான். கனகசபை சார் யாழ்ப்பாணத்துக்காரர், கழுத்து வரைக்கும் பொத்தான் போட்ட வெள்ளைக் கோட்டு, யாருக்கும் வளையாத முதுகு. குனிந்து வணங்கவேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. சிப்பாய் கன்னத்தில் அறைந்தான். மூக்குக்கண்ணாடி தெறித்து என் காலடியில் விழுந்தது. நான் எடுத்துக் கொடுக்கக் குனிந்ததைத் தனக்குச் செய்த வணக்கம் என்று நினைத்துக்கொண்டு சிப்பாய் என்னைப் பார்த்துத் தலையசைத்தான். ஆங்கிலப் புத்தகங்களை வாசலில் குவித்து எரித்தார்கள். கனத்த அட்டை சீக்கிரம் பிடிக்காது. கனகசபை சாரையே குச்சியால் கிளறிவிடச் சொன்னார்கள். அவர் கிளறினார். புகையில் அழுதாரா, இல்லை புகையால் கண்ணீர் வந்ததா என்று நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு வாசகசாலையைத் திறக்க அனுமதி கொடுத்தார்கள். கடிகாரத்தைத் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைத்தோம். மாலையில் ஜப்பானிய மொழி வகுப்பு. அந்த வகுப்பில் எல்லாரையும்விட வேகமாகக் கற்றுக்கொண்டவன் துரைராஜ். முன்பு தையல் மெஷின் விற்றவன், பேச்சில் தேன் ஒழுகும். ஆறே மாதத்தில் ராணுவப் போலீஸுக்கு மொழிபெயர்ப்பாளனாகிவிட்டான்.

இரண்டாம் வருஷம், கனகசபை சார் மலேரியாவில் படுத்திருந்த மூன்று நாளில் துரைராஜ் என்னிடம் வந்தான். வாசகசாலை உறுப்பினர்களுக்குத் தனியாக அரிசிக் கார்டு தரப்போகிறார்கள் என்றான். குடும்பத்துக்கு ஒரு கார்டு, அதனால் ஆண்கள் பெயர் மட்டும் போதும், நாற்பத்தைந்து வயதுக்குள். முதலில் பிரிக்பீல்ட்ஸ் பட்டியல், பிறகு கிள்ளான், ரவாங்.

"உன் எழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்குன்னு ஜப்பான் ஆபீஸரே சொன்னாரு. நீயே எழுதிக் கொடு" என்றான்.

அந்த அதிகாரிக்குத் தமிழ் எழுத்தே தெரியாது என்பது எனக்கு உறைக்க ஒரு வாரம் ஆயிற்று. அன்றைக்குப் புகழ்ச்சி இனித்தது. சார் இல்லாத நேரத்தில் நானே ஒரு பெரிய காரியம் செய்கிறேன் என்ற நினைப்பு வேறு. இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன். முப்பத்தொரு பெயர். வயது, வீட்டு எண், தொழில். ஒரு அடித்தல் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு உறுப்பினர்கள் வாசகசாலைக்கு வந்து கார்டு வாங்கிக்கொள்ளவேண்டும் என்ற அறிவிப்பையும் நானே வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். "மறக்காம பை கொண்டு வாங்க, அரிசியும் அங்கயே தருவாங்களாம்" என்று நானாக ஒரு வரி சேர்த்துக்கொண்டேன். அதை யாரும் சொல்லச் சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அநேகமாக எல்லாரும் பையோடு வந்தார்கள். தலை வாரி, சட்டை போட்டு, சிலர் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு. மாணிக்கம் பையோடு திருப்பித் தரவேண்டிய புத்தகத்தையும் கொண்டு வந்திருந்தார். கனகசபை சார் அன்றுதான் காய்ச்சல் விட்டு எழுந்து வந்தவர், இவ்வளவு கூட்டம் எதற்கு என்று என்னைக் கேட்டார். நான் சொல்ல ஆரம்பிக்கும்போதே இரண்டு லோரிகள் வாசலை அடைத்து நின்றன. சிப்பாய்கள் முன்கூடத்தின் இரண்டு பக்கமும் வந்துவிட்டார்கள். துரைராஜ் மேஜைமேல் ஏறி நின்று என் காகிதத்தைப் பிரித்தான். ஒவ்வொரு பெயராகப் படித்தான். பெயர் வந்தவன் லோரியில் ஏறவேண்டும். சயாமில் ரயில் பாதை வேலை, மூன்று மாதம், நல்ல சாப்பாடு என்றான். சயாமுக்குப் போன தோட்டத்து ஆட்களில் ஒருத்தன்கூடத் திரும்பவில்லை என்று அதற்குள் ஊருக்கே தெரியும்.

பத்தாவதோ பதினோராவதோ பெயருக்கு உரிய பையன், பட்டறையில் அப்பாவோடு வேலை செய்தவன், ஜன்னலைத் தாண்டிக் குதித்தான். அவன் சாக்கடையோரம் வரைக்கும் ஓடினான். சிப்பாய் சுடவில்லை, ஓடிப்போய்த் துப்பாக்கி முனைக் கத்தியால் முதுகில் குத்தினான். குத்தியது சிக்கிக்கொண்டது போல. அவன் முதுகில் காலை வைத்து அழுத்தி இழுத்தான். பையன் சாக்கடைக்குள் முகம் குப்புற விழுந்தான். அவன் கொண்டு வந்த பை ஜன்னலிலேயே மாட்டித் தொங்கியது.

மாணிக்கத்தின் பெயர் வந்ததும் அவர் லோரிப் பக்கம் போகாமல் என் மேஜைப் பக்கம் வந்தார். புத்தகத்தைக் கொடுக்கத்தான் வந்தார். எனக்கு அது நன்றாகத் தெரியும், கையை நீட்டினேன். ஒரு சிப்பாய் துப்பாக்கிக் கட்டையால் அவர் வாயில் அடித்தான். பல் உடைந்த சத்தம் கேட்டது. அவர் கீழே விழுந்ததும் இன்னொருவன் விலாவில் உதைத்தான், ஒரே இடத்தில், நாலைந்து தடவை. காலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் லோரிக்குள் எறிந்தார்கள். வராமல் இருந்த இரண்டு பேரை வீட்டுக்கே போய்ப் பிடித்து வந்தார்கள். வீட்டு எண்ணைத்தான் நான் எழுதியிருந்தேனே. பெண்கள் ஓடி வந்தபோது லோரிகள் ஸ்டேஷன் பக்கம் திரும்பிவிட்டன. ஏறப் பார்த்த ஒரு தாயின் விரல்கள்மேல் லோரிக் கதவை அறைந்து சாத்தினார்கள்.

போகும்போது துரைராஜ் என்னிடம் சாதாரணமாகச் சொன்னான்: "கிள்ளான், ரவாங் லிஸ்டையும் எழுதி வை. நாளைக்குக் காலையில கிள்ளான் கிளையப் பாக்கப் போறோம், மத்தியானம் இங்க வந்து வாங்கிக்கிறேன்."

கனகசபை சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. பதிவேட்டை எரித்துவிடலாம் என்றேன். அவர் அதை எடுத்து மார்போடு வைத்துக்கொண்டார். பதினைந்து வருஷத்துப் பதிவேடு. அது இல்லாவிட்டால் யார் யாரிடம் எந்தப் புத்தகம் இருக்கிறது என்று எப்படித் தெரியும் என்று கேட்டார். உண்மையாகவே கேட்டார். வாசலில் ரத்தம் காயவில்லை. அந்த மனிதர் வெளியே போன புத்தகங்களைப் பற்றிக் கவலைப்பட்டார். எனக்கு அவரை அறையவேண்டும் போல இருந்தது.

அவர் முகம் கழுவப் போன நேரத்தில் நான் பதிவேட்டை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன். வெந்நீர் அடுப்பில் அப்போதுதான் கிழங்கு வெந்திருந்தது. பக்கம் பக்கமாகக் கிழித்துப் போட்டேன். சார் துண்டோடு வந்து நின்றதைப் பார்த்தேன். தடுக்கவில்லை. கடைசி அட்டை எரிந்ததும் ஒரு குச்சியை எடுத்துச் சாம்பலைப் பொடிப்பொடியாக இடித்து, வாளித் தண்ணீரை ஊற்றினார். ரவாங்குக்கு வேறு பதிவேடு கிடையாது, அது ஒழிந்தது. கிள்ளானில் மட்டும் காதர் பாய் தனியாகச் சீட்டுகள் வைத்திருந்தார். அதைச் சொல்லிவிட்டு, மறுநாள் முதல் ரயிலில் என்னைப் புத்தகப் பெட்டியோடு போகச் சொன்னார். பெட்டி இருந்தால் ஸ்டேஷனில் யாரும் கேட்கமாட்டார்கள்.

கிள்ளானில் காதர் பாயின் கடையில் துணி என்று சொல்ல ஒன்றும் இல்லை. பழைய வேட்டி, கோணிச் சாக்கு என்று ஜனங்கள் கொண்டு வருவதற்குச் சாயம் ஏற்றிக் கொடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்தார். கடைக்குப் பின்னால் ஒரு பெரிய செம்புப் பானையில் கறுப்புச் சாயம் எப்போதும் கொதிக்கும். தஞ்சாவூர்க் கடற்கரைப் பக்கத்துக்காரர், குண்டு மனிதர், பேசினால் சிரிக்காமல் முடிக்கமாட்டார். நான் சொன்னதைக் கேட்டு ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. சீட்டுகள் இருந்த பிஸ்கட் டின்னை எடுத்து அப்படியே சாயப் பானையில் கவிழ்த்தார். துடுப்பால் கிளறினார். காகிதம் கூழாகிக் கறுப்போடு கறுப்பாகப் போயிற்று.

"துறைமுகத்துப் பிள்ளைங்க நூறு பேருக்கு மேல இருக்கும்மா இதுல" என்றார்.

நான் கிளம்புவதற்குள் லோரி வந்துவிட்டது. துரைராஜும் நாலு சிப்பாய்களும். கடைக்குள் என்னைப் பார்த்ததுமே துரைராஜின் முகம் மாறிற்று; எல்லாம் புரிந்துவிட்டது. சீட்டுகள் எங்கே என்று பாயைக் கேட்டான். கரையான் அரித்துவிட்டது என்றார் பாய். சிப்பாய்கள் அவரைப் பெல்ட்டால் அடித்தார்கள். அவர் கரையான் என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். ஒருவன் பின்பக்கம் போய், பானையில் மிதந்த ஒரு சீட்டுத் துண்டைத் துடுப்பால் எடுத்தான். பிறகு நடந்ததை நான் இதுவரை என் பிள்ளைகளிடம்கூடச் சொன்னதில்லை. பாயின் வலது கையை முழங்கை வரைக்கும் பானைக்குள் அழுத்திப் பிடித்தார்கள். அவர் கத்திய கத்தலில் எதிர்க்கடைக்காரர்கள் பலகையைப் போட்டு அடைத்தார்கள். வெளியே எடுத்தபோது கை கறுப்பாக இருந்தது. தோல் மட்டும் கையுறை போலத் தனியாகத் தொங்கியது.

நான் கத்திக்கொண்டு குறுக்கே போனேன். ஒரு குத்து. இடது பக்கம் இரண்டு பல் போனது அப்போதுதான். இன்றும் போட்டோவில் நான் வாயைத் திறந்து சிரிப்பதில்லை என்று வீட்டில் குறை சொல்வார்கள்.

என்னை அதே லோரியில் போட்டுப் பிரிக்பீல்ட்ஸுக்குக் கொண்டு வந்தார்கள். அங்கே பதிவேட்டைத் தேடி வந்த வேறு சிப்பாய்கள் வாசகசாலை வாசலில் வெயிலில் கனகசபை சாரை மண்டியிட வைத்திருந்தார்கள். முழங்கால் மடிப்புக்குள் ஒரு மூங்கில், அந்த மூங்கிலின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு சிப்பாய் ஏறி நின்றான். வெள்ளைக் கோட்டு முழுக்க வாந்தி. துரைராஜ் என்னை அவர் முன்னால் தள்ளி, பதிவேட்டை எரித்தது யார் என்று கேட்டான். நான் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வாய் நிறைய ரத்தம், சத்தம் வரவில்லை. அப்படித்தான் நான் எல்லாரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். இப்போது உங்களிடம் சொல்கிறேன்: சத்தம் வந்திருக்கும். நான் வேண்டுமென்றே காத்திருந்தேன்.

"நான்தான் எரிச்சனான்" என்றார் சார். "அந்தப் பிள்ளைக்கு ஒண்டும் தெரியாது. கிள்ளானுக்குப் பெட்டி கொண்டுபோனது மட்டும்தான்."

அவரைக் கூட்டிப் போனார்கள். துரைராஜுக்கு அது பொய் என்று தெரிந்திருக்கும். ஆனால் ஒரு ஆள் கிடைத்துவிட்டதால் கணக்கு முடிந்தது என்று விட்டுவிட்டான் போல.

முப்பது நாற்பது நாள் கழித்து ஒரு கைவண்டியில் அவரைக் கொண்டு வந்து இறக்கினார்கள். உள்ளே தண்ணீர் ஊற்றி வயிற்றின்மேல் ஏறி மிதித்திருக்கிறார்கள். விரல்களில் நகம் இல்லை. கரண்டியால் கஞ்சி ஊட்டப் போனேன். அவர் என் கையைத் தள்ளிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ரவாங் ஆக்கள் தப்பிச்சவையோ?"

தப்பிவிட்டார்கள் சார், கிள்ளானிலும் எங்கள் பட்டியலால் யாரும் போகவில்லை என்றேன். ஓம் என்றார். எரித்தது நான் என்பதைப் பற்றி, பட்டியல் எழுதியதைப் பற்றி, அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னால் இறந்துபோனார். காதர் பாய் பிழைத்தார். முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இடது கையால் சாயம் கிளறக் கற்றுக்கொண்டார், ஆனால் பேசி முடிக்கும்போது சிரிக்கிற பழக்கம் போய்விட்டது.

ஜப்பான்காரன் சரணடைந்த பிறகு, வெள்ளைக்காரன் திரும்பி வருவதற்குள் நடுவில் சில வாரங்கள். சட்டம் என்று ஒன்று கிடையாது. துரைராஜ் தலையை மொட்டையடித்துக்கொண்டு ஒரு லோரியில் தப்பப் பார்த்திருக்கிறான். பிடித்து, கயிற்றில் கட்டி, வாசகசாலை வாசலுக்கே இழுத்து வந்தார்கள். சயாம் போனவர்களின் அப்பாக்கள், அண்ணன் தம்பிகள். கையில் சைக்கிள் சங்கிலி, தண்டவாளத்து ஆணி, மண்வெட்டிப் பிடி. என்னைக் கூப்பிட்டார்கள்.

"இவன்தானே தங்கச்சி லிஸ்ட் கேட்டது?"

ஆமாம் என்றேன்.

துரைராஜ் என்னைப் பார்த்தான். கட்டிய கையைத் தூக்கி என்னைக் காட்டி, "எழுதுனது அது..." என்று ஆரம்பித்தான். அதற்குள் சங்கிலி அவன் வாய்மேல் விழுந்தது. அவன் சொன்னதை யாரும் கேட்கவில்லை, அல்லது கேட்டும் பொருட்படுத்தவில்லை. கொஞ்ச நேரம்தான். மாடு உரிக்கிற இடத்தில் வருமே, அந்த மாதிரி ஒரு சத்தம். முடிந்த பிறகு எல்லாரும் குழாயடியில் கை கழுவிக்கொண்டு போனார்கள். எனக்கு அவன்மேல் பரிதாபம் வரவில்லை. அவன் பேச்சு பாதியில் நின்றதே என்று எனக்கு ஆறுதலாக இருந்தது. அதை நினைத்துத்தான் பிறகு பல வருஷம் சாப்பாடு இறங்கவில்லை.

அஞ்சலை அதற்கு இரண்டு மாதம் கழித்து வந்தாள். ஆள் பாதியாகியிருந்தாள். சயாமிலிருந்து சிலர் திரும்பியிருந்தார்கள்; எங்கள் முப்பத்தொரு பேரில் ஒருவரும் இல்லை. புருஷனைப் பிடித்துக்கொண்டு போனதற்கு ஏதாவது காகிதம் காட்டினால் உதவி கிடைக்கும் என்று அரசாங்க அலுவலகத்தில் சொன்னார்களாம். வாசகசாலைப் பதிவேட்டில் அவர் பெயர் இருக்குமே, அதைக் கொடு என்றாள்.

எரித்துவிட்டேன் என்றேன். ஏன் என்று கேட்டாள். சொன்னேன். சொல்ல ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. துரைராஜ் கையில் இருந்தது என் எழுத்து, வீட்டு எண் நான் எழுதியது, தண்டவாள வேலை என்று நான் எழுதியது, பை கொண்டு வாருங்கள் என்று நான் சேர்த்தது. எல்லாம்.

அவள் அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். "எத்தன பேர எழுதுன?" என்றாள்.

"முப்பத்தொண்ணு."

"எல்லாம் ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"அப்ப சொல்லு."

எழுதிய வரிசையிலேயே சொன்னேன். மாணிக்கம் என்று வந்தபோது என் மணிக்கட்டைப் பிடித்தாள். நகம் இறங்கி ரத்தம் வந்தது. விடவில்லை. முப்பத்தொன்று முடிந்ததும்தான் விட்டாள்.

"ஞாயித்துக்கிழம பேப்பர் படிக்கிறியே, அதுக்கு முந்தி இதச் சொல்லு. வாராவாரம். நான் வந்து உக்காருவேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு முன்னால் நின்று, பட்டியல் எழுதியது நான் என்று சொல்லிவிட்டுப் பெயர்களைச் சொன்னேன். ஒரு தாய் எழுந்து வந்து என் முகத்தில் துப்பினாள். லோரிக் கதவில் விரல் நசுங்கியவள் அவள். ஒரு கல் வந்து காதோரம் பட்டது. அஞ்சலை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், துடைத்துவிடவும் இல்லை, எழுந்து போகவும் இல்லை. அடுத்த வாரம் பாதிப் பேர்தான் வந்தார்கள். அதற்கடுத்த வாரம் கொஞ்சம் கூட வந்தார்கள். தங்கள் வீட்டுப் பெயர் வரும்போது சிலர் எழுந்து நிற்க ஆரம்பித்தார்கள். யாரும் நிற்கச் சொல்லவில்லை.

பல வருஷம் அப்படி நடந்தது. பிறகு வீட்டுக்கு வீடு ரேடியோ வந்தது, பத்திரிகை கேட்க ஆள் வருவது குறைந்தது. பெயர் கேட்க மட்டும் எட்டுப் பேர், ஐந்து பேர், மூன்று பேர். அஞ்சலை மகளோடு பண்டமாரானுக்குக் குடிபோனாள். இரண்டு பஸ் மாறி ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுவாள். கடைசியில் அவள் ஒருத்திக்கு மட்டும் படித்தேன். நாங்கள் வேறு எதுவும் பேசிக்கொண்டதில்லை. தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்பேன், வேண்டாம் என்பாள். ஒரு நாள் அவளுடைய மகள் வந்து அம்மா போய்விட்டாள் என்று சொன்னாள்.

வாசகசாலையை இடித்துவிட்டார்கள். ரயில்வே குவார்ட்டர்ஸும் போய்விட்டது. அது இருந்த இடத்தில் கார்கள் அடுக்கடுக்காக நிற்கின்றன. சாக்கடையை மூடிச் சிமெண்டு போட்டுவிட்டார்கள். கிள்ளானில் காதர் பாயின் கடை இருந்த வரிசையில் இப்போது கைத்தொலைபேசி விற்கிறார்கள். ரவாங்கில் தப்பியவர்களில் யாரையும் நான் நேரில் பார்த்ததே இல்லை. அவர்களுக்குக் கனகசபை என்ற பெயர்கூடத் தெரிந்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் இப்போதும் அடுப்படியில் தனியாக உட்கார்ந்து அந்த முப்பத்தொரு பெயரையும் சொல்லிப் பார்க்கிறேன். இந்த வாரம் இருபத்தாறு பெயர்தான் வந்தது. போன மாதம் இருபத்தேழு இருந்தது.